அடாப்டர் கிளாஸ் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

வெளி லைப்ரரி ஒன்றை நம் இன்டர்ஃபேஸுக்குள் உட்கார வைக்க அடாப்டர் (இரண்டுக்கும் நடுவில் நின்று அழைப்பை மொழிமாற்றும் கிளாஸ்) எழுதுவது சின்ன வேலைதான். அது மக்கர் செய்யும்போதுதான் நாள் முழுக்கப் போகும். பிழை அடாப்டரில் தெரியும், காரணம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒளிந்திருக்கும். ஜாவா புராஜெக்டுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் அறிகுறிகளை இங்கே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள்.

இரண்டு பெயர் மட்டும் நினைவிருக்கட்டும். அடாப்டரைக் கூப்பிடும் நம் கோட் 'அழைப்பவர்'. அடாப்டருக்குள்ளே இருக்கும் லைப்ரரி ஆப்ஜெக்ட் 'உள் ஆள்'.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

அடாப்டரை ஒதுக்கிவிட்டு உள் ஆளை நேரடியாகக் கூப்பிடுங்கள். ஒரு சின்ன மெயின் மெத்தட் போதும். சிக்கல் வந்த அதே உள்ளீட்டைக் கொடுங்கள், 'அது மாதிரி' ஒன்றைக் கொடுக்காதீர்கள்.

- நேரடியாகவும் அதே தப்பு வந்தால் அடாப்டர் நிரபராதி. லைப்ரரியின் ஆவணத்தையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள்.
- நேரடியாகச் சரி, அடாப்டர் வழியாகத் தப்பு என்றால் கோளாறு அடாப்டரில்தான். கீழே தொடருங்கள்.
- இரண்டுமே சரி, ஆனால் அப்ளிகேஷனில் தப்பு என்றால், ஓடுவது நீங்கள் நினைக்கும் அடாப்டராகவே இல்லாமல் இருக்கலாம். ஆப்ஜெக்டுகளைத் தானே உண்டாக்கிப் பொருத்தும் ஸ்பிரிங் போன்ற அமைப்புகளில் ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு அடாப்டர் இருக்கும்போது இது நடக்கும். அழைப்பவர் கையில் இருக்கும் ஆப்ஜெக்டின் கிளாஸ் பெயரை லாகில் எழுதிப் பாருங்கள்.

அப்புறம், அடாப்டருக்குள் உள் ஆளைக் கூப்பிடும் வரிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு லாக் வரி போடுங்கள். வந்த மதிப்பு, மாற்றிக் கொடுத்த மதிப்பு, திரும்பி வந்த மதிப்பு, நாம் திருப்பித் தந்த மதிப்பு. இந்த நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபடும். கார்டு எண்ணும் டோக்கனும் லாகில் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கம்பைல் ஆகிறது, ஓடும்போது 'அந்த மெத்தட் இல்லை' என்கிறது

நோசச்மெத்தட்எரர் என்றால், கம்பைல் செய்தபோது இருந்த லைப்ரரிப் பதிப்பு ஒன்று, ஓடும்போது வந்து நிற்பது வேறொன்று. பில்டு கருவியான மேவனின் டிபென்டென்சி ட்ரீயை (எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்ற பட்டியல்) எடுத்து அந்த லைப்ரரி எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். வேறொரு லைப்ரரி தன் முதுகில் பழைய பதிப்பைத் தூக்கி வந்திருக்கும்.

அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எரர் இதன் மறுபக்கம். இன்டர்ஃபேஸில் புது மெத்தட் சேர்ந்துவிட்டது, அடாப்டர் பழைய இன்டர்ஃபேஸுக்கு எதிராகக் கம்பைல் ஆன ஜாராகவே (கம்பைல் ஆன கிளாஸ்களின் மூட்டை) கிடக்கிறது. மறுபடி கம்பைல் செய்யுங்கள், விடுபட்ட மெத்தடைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி டிரைவர் பழையதாக இருந்தாலும் இதே பிழைதான் வரும். அங்கே நீங்கள் திருத்த எதுவும் இல்லை, புது டிரைவர் போட வேண்டியதுதான்.

## அறிகுறி: ஒன்றும் நடக்கவில்லை, பிழையும் இல்லை

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

மெத்தட் பெயர் பிசகியிருக்கும். ஜாவாவின் விண்டோ லைப்ரரியான ஸ்விங்கில் மவுஸ்அடாப்டரை நீட்டித்து, மவுஸ்கிளிக்டு மெத்தடின் பெயரில் ஒரு பெரிய எழுத்தைச் சின்னதாக எழுதினால் கம்பைலர் வாய் திறக்காது. அந்த கிளாஸில் எல்லா மெத்தடும் ஏற்கெனவே காலியாக இருப்பதால், நீங்கள் எழுதியது புது மெத்தடாகிவிடும், யாரும் கூப்பிட மாட்டார்கள். மேலே ஓவர்ரைடு குறிப்பைப் போட்டால் உடனே மாட்டிக்கொள்ளும். (மவுஸ்அடாப்டர் பெயரில்தான் அடாப்டர். எதையும் எதனோடும் பொருத்துவதில்லை, காலி மெத்தடுகளின் மூட்டை. இன்டர்வியூவில் இதை அடாப்டர் பேட்டர்னுக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

காலி கேட்ச் பிளாக். உள் ஆள் வீசும் எக்ஸப்ஷனை 'பிறகு பார்க்கலாம்' என்று யாரோ விழுங்கி வைத்திருப்பார்கள். அடாப்டர் ஃபைலில் எல்லா கேட்ச்களையும் தேடுங்கள்.

லாக் மட்டும் காணாமல் போனால். எஸ்எல்எஃப்4ஜே என்ற லாக் லைப்ரரி வெறும் முகப்பு, உண்மையில் எழுதப் பின்னால் லாக்பேக், லாக்4ஜே போன்ற ஒன்று வேண்டும், இரண்டையும் இணைப்பது ஒரு அடாப்டர் ஜார் (லாக்பேக்கில் அந்த இணைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது). 1.7 வரை அந்த இணைப்பு வேறொரு முறையில் நடந்தது, 2.0-இலிருந்து ஜாவாவின் சர்வீஸ்லோடர் வழியாக நடக்கிறது. முகப்பை மட்டும் 2.0-க்கு ஏற்றிவிட்டு இணைப்பு ஜாரைப் பழையதாகவே விட்டால், அது கண்டுகொள்ளப்படாது, லாக் எல்லாம் காற்றில் போகும். தொடக்கத்தில் கன்சோலில் வரும் எச்சரிக்கை வரிகளை மேலே உருட்டிப் படியுங்கள், அங்கே சொல்லியிருக்கும். இரண்டையும் ஒரே தலைமுறைக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

## அறிகுறி: வேலை செய்கிறது, மதிப்புதான் தப்பு

அடாப்டர் கோளாறுகளில் மோசமானது இதுதான். மெத்தட் பெயர் பொருந்தும், டைப் பொருந்தும், டெஸ்டும் பச்சை காட்டும். எண்ணின் அர்த்தம் மட்டும் இரண்டு பக்கமும் வேறு.

### தொகை நூறு மடங்கு கூடுகிறது அல்லது குறைகிறது

பேமென்ட் கேட்வே பலவும் தொகையைப் பைசாவில் கேட்கும். நம் இன்டர்ஃபேஸ் ரூபாயில் பேசும். அடாப்டர் நூறால் பெருக்கவில்லை, அல்லது அழைப்பவரும் பெருக்கி அடாப்டரும் பெருக்கிவிட்டது. 500 ரூபாய் கேட்ட இடத்தில் 5 ரூபாய் போனாலும் 50,000 போனாலும் காரணம் ஒன்றுதான். மாற்றம் ஒரே இடத்தில், அடாப்டருக்குள் மட்டும் நடக்கட்டும். பாராமீட்டர் பெயரிலேயே 'பைசா', 'ரூபாய்' என்று எழுதிவிடுங்கள், வெறும் 'அமவுன்ட்' வேண்டாம்.

வெளிநாட்டு நாணயமும் வரும் என்றால் நூறு என்ற எண்ணையே கோடில் எழுதாதீர்கள். ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இலக்கம். ஜாவாவின் கரன்சி கிளாஸிடம் கேட்டால் எத்தனை இலக்கம் என்று சொல்லும்.

### ஒரு பைசா மட்டும் குறைகிறது

டபிள் டைப்பில் 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 435 வராது, 434.99999999999994 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434. எல்லாத் தொகைக்கும் இப்படி ஆகாது என்பதால், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு கூப்பிடும்போதுதான் தெரியவரும்.

பிக்டெசிமலுக்கு மாறுங்கள். அதை டபிளிலிருந்து உண்டாக்கினால் அதே குப்பை உள்ளே வந்துவிடும், ஆகவே ஸ்ட்ரிங்கிலிருந்து உண்டாக்குங்கள். முழு எண்ணாக்கும்போது 'எக்ஸாக்ட்' என்று முடியும் மெத்தடைப் பயன்படுத்தினால், பின்னம் மிச்சமிருந்தால் எக்ஸப்ஷன் வீசும். சத்தம் போடாமல் வெட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இங்கே நிறுத்துங்கள்: தப்புத் தொகை ஏற்கெனவே வாடிக்கையாளர் கணக்கில் ஏறிவிட்டது என்றால் கோடைத் திருத்துவது இரண்டாவது வேலை. அந்த வழியை அடைத்துவிட்டுக் கணக்குப் பிரிவையும் கேட்வே ஆதரவுக் குழுவையும் கூப்பிடுங்கள். டேட்டாபேஸில் நீங்களாக அப்டேட் ஓட்டாதீர்கள்.

### மாதம் ஒன்று தள்ளிப் போகிறது, தேதி ஒன்று பின்னால் போகிறது

மாதம் தள்ளினால்: பழைய கேலண்டர், டேட் கிளாஸ்களில் ஜனவரி 0. ஜாவா 8-இல் வந்த லோக்கல்டேட்டில் ஜனவரி 1. அடாப்டர் ஒன்றைக் கூட்ட மறந்திருக்கும். ஆண்டு 1900 குறைந்து வந்தால் பழைய டேட்டின் கெட்இயர் மெத்தடைத் தொட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழிக்காமல், முழு ஆப்ஜெக்டையும் இன்ஸ்டன்ட் வழியாக மாற்றுங்கள்.

தேதி ஒரு நாள் பின்னால் போனால்: நம் நள்ளிரவு 12 மணி என்பது யுடிசியில் (உலகப் பொது நேரம்) முந்தைய நாள் மாலை 6.30. உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில், சர்வர் யுடிசியில். அடாப்டர் 'சிஸ்டம் டீஃபால்ட்' டைம்சோனை நம்பினால் பிறந்த தேதி எல்லாம் ஒரு நாள் குறையும். சோனை வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் மெஷினிலேயே சோதிக்க, ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்முக்கு யூசர் டைம்சோனை யுடிசி என்று கொடுத்து ஓட்டினால் கோளாறு கண்முன் வந்து நிற்கும்.

### தமிழ் எழுத்து குப்பையாக வருகிறது

இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் ஜாவாவோடே வரும் அடாப்டர். பைட் தரும் ஸ்ட்ரீமை எழுத்து தரும் ரீடராகக் காட்டும். என்கோடிங் (பைட்டை எழுத்தாக்கும் விதி) சொல்லாமல் அதை உண்டாக்கினால் மெஷினின் டீஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஜேடிகே 18-இலிருந்து அது யுடிஎஃப்-8. அதற்கு முந்தைய ஜாவாவில், விண்டோஸில், பெரும்பாலும் வேறு.

கன்சோலைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், கன்சோலுக்குத் தனி என்கோடிங் உண்டு. நீளத்தைப் பாருங்கள். 'அம்மா' என்ற ஸ்ட்ரிங்கின் நீளம் 5 என்று வந்தால் படித்தது சரி, காட்டும் இடம்தான் கோளாறு. 15 என்று வந்தால் படிக்கும்போதே கெட்டுவிட்டது: யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்திருக்கிறது. திருத்தம் ஒரு வார்த்தைதான், ரீடர் உண்டாக்கும் இடத்தில் யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஃபைல்ரீடருக்கும் ஜாவா 11-இலிருந்து கொடுக்கலாம்.

கெட்ட எழுத்து டேட்டாபேஸில் சேமிக்கப்பட்டிருந்தால் கதை வேறு. பலரும் அதைத் தலைகீழாக மாற்றி மீட்டுவிடலாம் என்று ஸ்கிரிப்ட் எழுத உட்காருகிறார்கள். விண்டோஸ்-1252-ஆக (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய என்கோடிங்) படித்திருந்தால் மீட்க முடியாது. மெய்ப்புள்ளியின் கடைசி பைட்டுக்கும் உகரக் குறியின் கடைசி பைட்டுக்கும் அந்த என்கோடிங்கில் எழுத்தே கிடையாது. ஜாவா இரண்டையும் ஒரே கேள்விக்குறிச் சின்னமாக மாற்றி வைத்திருக்கும். அது 'க்' ஆக இருந்ததா 'கு' ஆக இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஏ, ஐ இரண்டுக்கும் இதே கதி. மூலக் கோப்பைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றுங்கள். மூலம் இல்லையென்றால் பேக்கப் வைத்திருப்பவரைக் கூப்பிடும் நேரம் இது.

## அறிகுறி: லிஸ்டில் சேர்க்கப் போனால் 'அன்சப்போர்ட்டட்' என்று வெடிக்கிறது

அரேஸ் கிளாஸின் ஆஸ்லிஸ்ட் தருவது புது லிஸ்ட் இல்லை, அரேவின் மேல் போர்த்திய அடாப்டர். அரேவின் நீளம் மாறாது, ஆகவே ஆட், ரிமூவ் இரண்டும் நடக்காது. செட் நடக்கும், அது மூல அரேவையும் மாற்றிவிடும். 'நான் தொடாத அரே எப்படி மாறியது?' என்ற கேள்விக்கும் இதுவே பதில். புது அரேலிஸ்டுக்குள் நகலெடுத்தால் இரண்டும் தீரும். இன்ட் அரேவைக் கொடுத்து லிஸ்டின் அளவு 1 என்று வந்தால், முழு அரேவும் ஒரே உருப்படியாக உள்ளே போயிருக்கிறது. இன்டீஜர் அரேவாகக் கொடுங்கள் அல்லது ஸ்ட்ரீம் வழியாகப் போங்கள்.

இதே எக்ஸப்ஷன் தேதி மாற்றும் அடாப்டரில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஜாவா எஸ்க்யூஎல் டேட், யூட்டில் டேட்டின் பிள்ளைதான், ஆனால் அதன் டுஇன்ஸ்டன்ட் எப்போதும் வெடிக்கும். டுலோக்கல்டேட்டைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஸ்டாக்ஓவர்ஃப்ளோ

ஸ்டாக் ட்ரேஸில் ஓரிரண்டு வரிகள் மாறி மாறி வருகிறதா? ஜேவிஎம் வழக்கமாக 1024 வரியோடு நிறுத்திவிடும், தொடக்கம் தெரியாது. கவலை இல்லை, சுற்றும் பெயர்கள் போதும்.

ஒரே மெத்தட் தன்னையே சுற்றினால், அடாப்டர் உள் ஆளைக் கூப்பிட வேண்டிய இடத்தில் தன்னையே கூப்பிடுகிறது. வரியின் தொடக்கத்தில் உள் ஆளின் ஃபீல்டு பெயர் விடுபட்டிருக்கும்.

இரண்டு கிளாஸ் மாறி மாறி வந்தால், இரண்டு அடாப்டர் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. லாக் ஜார்களில் இது பிரசித்தம். லாக்4ஜே அழைப்பை எஸ்எல்எஃப்4ஜேக்குத் திருப்பும் ஜார் ஒன்று, எஸ்எல்எஃப்4ஜே அழைப்பை லாக்4ஜேக்குத் தள்ளும் ஜார் ஒன்று. இரண்டும் ஒரே கிளாஸ்பாத்தில் இருந்தால் ஒரு லாக் வரி முடிவே இல்லாமல் சுற்றும். இந்த ஜோடியைக் கண்டால் எஸ்எல்எஃப்4ஜேயே தொடக்கத்தில் எச்சரித்து நிறுத்திவிடும். ஒன்றை எக்ஸ்க்ளூட் செய்யுங்கள். எதை? லாக் கடைசியில் எங்கே எழுதப்பட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், அதற்கு எதிர்த் திசையில் போவதை நீக்குங்கள்.

## அறிகுறி: நீக்கிய லிஸனர் இன்னும் கூவுகிறது

சேர்க்கும்போது நம் லிஸனரை (ஏதாவது நடந்தால் கூப்பிடப்படும் ஆப்ஜெக்ட்) புது அடாப்டரில் சுற்றிக் கொடுத்தீர்கள். நீக்கும்போது இன்னொரு புது அடாப்டரில் சுற்றிக் கொடுத்தீர்கள். உள் ஆளைப் பொறுத்தவரை அவை இரண்டு வெவ்வேறு ஆப்ஜெக்ட். அடாப்டரே இல்லாமல் மெத்தட் ரெஃபரன்ஸைக் கொடுத்துவிட்டு, நீக்கும்போது மறுபடி அதையே எழுதினாலும் இதே நிலைதான்.

எளிய வழி, அடாப்டரை ஒரு ஃபீல்டில் வைத்திருந்து அதையே நீக்கக் கொடுப்பது. பல லிஸனர்கள் இருந்தால் ஒரு மேப். அடாப்டருக்கு ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் எழுதுவது மூன்றாவது வழி, உள்ளே சுற்றியிருப்பதை வைத்து ஒப்பிடுங்கள்.

மேப் என்றதும் சிலர் வீக்ஹாஷ்மேப்பை எடுப்பார்கள், மெமரி தானாக விடுபடும் என்று. கீயை வேறெதுவும் பிடித்திருக்காதபோதுதான் அந்த மேப் அதை விடும். இங்கே கீ லிஸனர், வேல்யூ அடாப்டர். அடாப்டரோ லிஸனரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக எதுவும் விடுபடாது, மெமரி ஏறிக்கொண்டே போகும்.

## அறிகுறி: மெதுவாகிறது, அல்லது 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'

அடாப்டரின் சைஸ் மெத்தட் ஒவ்வொரு தடவையும் உள் ஆளிடம் முழுப் பட்டியலை வாங்கி எண்ணுகிறதா என்று முதலில் பாருங்கள். ஃபார் லூப்பின் நிபந்தனையில் அது இருந்தால் அவ்வளவுதான். அடுத்தது, உள்ளே லிங்க்டுலிஸ்ட் இருக்க அடாப்டர் எண் போட்டு எடுப்பது: 10,000 உருப்படிக்குச் சுமார் இரண்டரைக் கோடி நகர்வு. இட்டரேட்டருக்கு மாற்றினால் 10,000.

ஃபைல் தீர்ந்துபோனால், அடாப்டரின் குளோஸ் உள் ஆளின் குளோஸைக் கூப்பிடவில்லை. ஒரு பிராசஸ் எத்தனை ஃபைல் திறக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அது நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும், ஆகவே சர்வர் சில மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத்தான் விழும். மறுதிசையும் உண்டு: ஸ்கேனரை மூடினால் உள்ளிருக்கும் கீபோர்டு ஸ்ட்ரீமும் மூடிவிடும், அடுத்த ஸ்கேனருக்கு ஒன்றும் கிடைக்காது. உள் ஆளை யார் திறந்தாரோ அவரே மூடட்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

## அறிகுறி: கூட்டம் வரும்போது மட்டும் தப்பு

அடாப்டர் ஒரே ஆப்ஜெக்டாக எல்லாத் த்ரெட்டுக்கும் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) பொதுவாக இருக்கிறது, உள்ளே இருப்பதோ த்ரெட்டுக்குத் தாங்காதது. சிம்பிள்டேட்ஃபார்மட் என்றால் டேட்டைம்ஃபார்மட்டருக்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. வெளி லைப்ரரி என்றால் அதன் ஆவணத்தில் 'த்ரெட் சேஃப்' என்று தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு, அழைப்புக்கு ஒரு உள் ஆளை உண்டாக்குங்கள். சிங்க்ரனைஸ்டு என்ற சொல்லை ஆங்காங்கே தூவிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பதிவு) படிக்கத் தெரிந்த சீனியரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

## அறிகுறி: ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை பணம் எடுக்கிறது

உள் ஆள் டைம்அவுட் (குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை) என்கிறது. அடாப்டர் அதை 'தோல்வி' என்று மொழிமாற்றுகிறது. அழைப்பவர் தோல்வியைப் பார்த்து மறுபடி முயல்கிறார். முதல் அழைப்பு உண்மையில் மறுமுனையில் வெற்றியாகியிருந்தது.

சோதிக்க: கேட்வேயின் சாண்ட்பாக்ஸில் (நிஜப் பணம் போகாத சோதனை இடம்) டைம்அவுட்டை வேண்டுமென்றே சில மில்லிசெகண்டுக்குக் குறைத்து ஓட்டுங்கள். அடாப்டர் திருப்பித் தருவது 'தோல்வி' என்றால் மாட்டிக்கொண்டது.

திருத்தம் மூன்று படி. நம் இன்டர்ஃபேஸில் வெற்றி, தோல்வி தவிர 'தெரியவில்லை' என்ற மூன்றாவது நிலை வேண்டும். இது இன்டர்ஃபேஸையே தொடும் வேலை, அழைப்பவர்கள் எல்லோரும் மாற வேண்டியிருக்கும், முணுமுணுப்பு வரும். இரண்டாவது, 'தெரியவில்லை' வந்தால் மறுபடி அனுப்பாமல் நிலையை விசாரிக்கும் அழைப்பு. மூன்றாவது, கேட்வே ஐடெம்பொட்டென்சி கீயை (அதே கீயோடு மறுபடி வந்தாலும் ஒரே தடவை பணம் எடுக்க வைக்கும் அடையாளம்) ஏற்றுக்கொண்டால் ஆர்டருக்கு ஒரு கீ. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ உண்டாக்கினால் பயனே இல்லை, அதையும் பார்த்துவிடுங்கள்.

டெஸ்டில் இது ஏன் பிடிபடவில்லை என்றால், உள் ஆளுக்குப் பதில் நிற்கும் மாக் ஆப்ஜெக்ட் நாம் சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்லும், தாமதமாகாது. அடாப்டருக்கு மட்டுமாவது சாண்ட்பாக்ஸைத் தொடும் டெஸ்ட் ஒன்றை இரவில் ஓட விடுங்கள்.

கூப்பிட வேண்டிய இடம்: இரட்டைப் பணம் ஒன்று உறுதியானாலே கூப்பிடுங்கள், பத்து சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆதரவுக் குழுவுக்கு ஸ்டாக் ட்ரேஸ் அனுப்பிப் பயனில்லை, நம் அடாப்டர் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தேடக்கூடியவை: இரண்டு அழைப்பின் ரிக்வெஸ்ட் ஐடி, டைம்சோனோடு நேரம், ஆர்டர் எண், அனுப்பிய தொகை பைசாவில், அவர்கள் லைப்ரரியின் பதிப்பு எண், அடாப்டர் இல்லாமல் நேரடியாகக் கூப்பிட்டபோது என்ன வந்தது. சீக்ரெட் கீயை மட்டும் டிக்கெட்டில் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டிவிட்டால் உடனே புதுக் கீ எடுத்து, பழையதை ரத்து செய்யுங்கள்.